கரிசல் களம் – 14: ஒரே நாளில் இரண்டு மைதானங்கள்

கோவில்பட்டி கிருஷ்ணா நகர் ஹாக்கி மைதானத்தில் ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் செயற்கைப் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சுவார்கள். தரை நனைந்திருந்தால்தான் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். சறுக்கி விழுகிற பையனின் முழங்காலும் தோலுரியாமல் தப்பும். போன மாதம் ஒரு சாயங்காலம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி. தண்ணீர் பூமழையாக விழுவதையே பார்த்தவர், "மானாவாரிக் காட்டுல விழ வேண்டிய மழை பூராம் இங்கன விழுது, பாத்தீங்களா தம்பி" என்றார். இந்த வருஷம் உளுந்து போட்டவர்களின் முகத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கைப் பேச்சாகப் படாது.

பாதி ஆட்டத்தில் அவர்தான் கேட்டார். "ஹாக்கிக்கும் ஆடி கிரிக்கெட்டுக்கும் ஆடி, ரெண்டுலயும் இந்தியா டீமுல இருந்த ஆளு நம்ம தமிழ்நாட்டுல உண்டா தம்பி?"

"உண்டு அண்ணாச்சி. எம்.ஜே.கோபாலன்."

"அவரு எதுல பெரிய ஆளு?"

சட்டென்று பதில் வரவில்லை. இந்த அத்தியாயம் அந்தக் கேள்விக்காகத்தான். கரிசல் களத்தைப் பற்றிய தொடரில் செங்கல்பட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்கிற வாசகர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டிப் பையன்கள் ஏன் மட்டையைத் தூக்கினார்கள் என்பதற்கு இந்த மனிதரின் வழியாகத்தான் எனக்கு ஒரு விடை கிடைத்தது.

சென்ற வாரம் மண்ணைப் பற்றி எழுதியிருந்தேன். கரிசல் மண் கோடையில் வெடிக்கும். ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொண்டு கத்துகிற அளவுக்கு வெடிப்பு விழும். மழை பெய்தால் அதே மண் உப்பி, காலில் அப்பிக்கொண்டு செருப்பைப் பிடுங்கும். இந்தக் களித்தன்மைக்காகத்தான் கிரிக்கெட் பிட்ச் போடுகிறவர்கள் கரிமண்ணைத் தேடி வருகிறார்கள். நனைத்து, ரோலர் போட்டு இறுக்கினால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். செம்மண் பிட்சில் பந்து எகிறும், கரிமண் பிட்சில் தாழ்ந்து வரும் என்று டி.வி.யில் வர்ணனையாளர்கள் இப்போது நாள்தோறும் பேசுகிறார்கள். ஆக, கிரிக்கெட்டுக்காரர்கள் 22 கஜத்துக்கு லாரியில் அள்ளிக்கொண்டு போகிற மண், கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடக்கிற எங்கள் ஊர், ஹாக்கி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அலைகிறது. இதை நினைத்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும்.

கோபாலனுக்கு வருவோம்.

மொறப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் 1909 ஜூன் 6 அன்று அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவின் மொறப்பாக்கம் கிராமத்தில் பிறந்தவர். முன்னால் நிற்கும் 'எம்' ஊர்ப்பெயர். குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடிபெயர்ந்தது அவர் வாழ்க்கையைத் தீர்மானித்துவிட்டது. திருவல்லிக்கேணித் தெருவில் வளர்கிற பையனுக்குச் சேப்பாக்கம் மைதானம் கூப்பிடு தூரம். அங்கே மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

மெட்ராஸ் கிரிக்கெட்டில் நம்மவர்கள் நுழைந்த கதை தனி. புச்சிபாபு நாயுடு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பையன்களுக்கு மட்டையும் பந்தும் சட்டையும் வாங்கிக் கொடுத்து, வெள்ளைக்காரர்களோடு மோதவிட்டார். இந்தியர்–ஐரோப்பியர் பந்தயம் நிலைபெறுவதைப் பார்க்காமலே 1908ல் இறந்துபோனார். அந்தப் பந்தயம் பின்னால் பொங்கல் சமயத்தில் நடக்கிற பிரசிடென்சி மேட்ச் ஆயிற்று. கரும்பு, மஞ்சள் குலை மாதிரி பட்டணத்துப் பொங்கலுக்கு அதுவும் ஒரு அடையாளம். கோபாலன் வளர்ந்தது இந்தக் காற்றில். கிரிக்கெட்டில் வேகப்பந்து, ஹாக்கியில் நடுக்கள ஆட்டம்.

அவரைக் கண்டெடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர். சி.பி.ஜான்ஸ்டன். பர்மா ஷெல் கம்பெனி அதிகாரி, நல்ல இடதுகை ஆட்டக்காரர், ஐரோப்பிய அணிக்காரர். கோபாலனுக்குத் தன் கம்பெனியிலேயே வேலை வாங்கிக் கொடுத்தார். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்கிற கம்பெனி. விளையாட்டு வீரனை ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது என்பது இன்று நமக்குச் சாதாரணச் செய்தி. அன்று ஒரு நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்கு அது வானத்திலிருந்து இறங்கிய கயிறு. இந்தக் கயிற்றை வாசகர்கள் விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசியில் கோவில்பட்டிக்கு வர இதுதான் உதவும்.

ஒரே ஆள் இரண்டு மூன்று விளையாட்டு ஆடுவது அந்தக் காலத்தில் அதிசயம் அல்ல. விளையாட்டு யாருக்கும் முழுநேரப் பிழைப்பாக இருக்கவில்லை. பருவத்துக்கு ஒரு பயிர் போடுவது மாதிரி பருவத்துக்கு ஒரு ஆட்டம் ஆடினார்கள். ஆஸ்திரேலியாவில் 'ஸ்னோவி' பேக்கர் என்று ஒருவர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டையில் வெள்ளி வாங்கினார். அதே ஒலிம்பிக்கில் நீச்சலும் அடித்தார், உயரத்திலிருந்து குதிக்கிற டைவிங்கிலும் கலந்துகொண்டார்.       பேக்கரானாலும் கோபாலனானாலும், உடம்பு ஒன்று. அது எந்த ஆட்டத்துக்கு வளையும் என்று பார்க்கிற தைரியம்தான் அந்தத் தலைமுறையின் தனிச்சொத்து.

மெட்ராசிலேயே இன்னொருவர் இருந்தார், கோட்டா ராமசாமி. புச்சிபாபுவின் மகன்களில் ஒருவர். சுவீகாரம் போனதால் கோட்டா குடும்பப் பெயர் வந்தது. 1922ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை டென்னிஸ் ஆடினார். பதினான்கு வருஷம் கழித்து, 40 வயதில், டெஸ்ட் கிரிக்கெட் ஆடினார்! அவரைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். கதையின் முடிவுதான் நெஞ்சைப் பிடிக்கும். 1985ல், 89 வயதில், ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை. அவர் இறந்த தேதி இன்றும் உறுதியாகத் தெரியாது.

1934 நவம்பர் 4. சேப்பாக்கம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மெட்ராசும் மைசூரும். ஜான்ஸ்டன்தான் மெட்ராஸ் கேப்டன். புதுப் பந்தைக் கோபாலனிடம் கொடுத்தார். எதிரே மைசூரின் கர்டிஸ். ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்து அப்படித்தான் வீசப்பட்டது. இன்று வரை ஆடப்பட்ட ஆயிரக்கணக்கான ரஞ்சி ஆட்டங்களுக்கு அந்தப் பந்துதான் பிள்ளையார் சுழி.

அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது என்பது அதைவிட ருசியான செய்தி. மைசூர் 48க்குச் சுருண்டது. மெட்ராஸ் எடுத்தது 130தான். மறுபடி ஆட வந்த மைசூர் 59. ஒரு இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் வெற்றி. 11 விக்கெட் எடுத்த ஏ.ஜி.ராம்சிங் அன்றைய நாயகன். முதல் பந்து வீசியவருக்குச் சரித்திரத்தில் ஒரு வரி. ஆட்டத்தை முடித்தவருக்கு அன்றைய கைதட்டல். கோபாலனுக்கு வாழ்நாள் முழுக்க இப்படித்தான் வாய்த்தது என்று எனக்குத் தோன்றும். முதல் வரியில் இருப்பார், முக்கியமான பக்கத்தில் இருக்கமாட்டார்.

இதற்குப் பத்து மாதம் முன்னால் நடந்ததைப் பாருங்கள். 1934 ஜனவரியில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் வந்திருந்த இங்கிலாந்துக்கு எதிராகக் கல்கத்தா டெஸ்டில் கோபாலன் ஆடினார். சி.கே.நாயுடு கேப்டன். கோபாலனுக்கு ஒரு விக்கெட். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன். மோசமில்லை, பிரமாதமும் இல்லை. அடுத்த டெஸ்ட் பிப்ரவரியில், சேப்பாக்கத்தில். அந்த மைதானத்தில் நடந்த முதல் டெஸ்டே அதுதான். திருவல்லிக்கேணிக்காரருக்கு வீட்டுக்குப் பின்புறம் டெஸ்ட் மேட்ச். அணியில் பெயர் இல்லை. அப்புறம் டெஸ்ட் வாய்ப்பே வரவில்லை. ஒரே ஒரு டெஸ்ட், அதுவும் வேற்றூரில்.

1935ல் ஹாக்கி கூப்பிட்டது. தியான் சந்த் தலைமையில் இந்திய அணி நியூசிலாந்துக்குப் புறப்பட்டது. கோபாலனுக்கும் இடம். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலுமாக மொத்தம் 48 ஆட்டங்கள். போட்ட கோல் 584. வாங்கிய கோல் 40. தியான் சந்த் மட்டும் 201. ஒரு ஆட்டத்துக்குப் பன்னிரண்டு கோல் என்ற கணக்கு! எதிரணிக்காரர்களை நினைத்துப் பரிதாபப்படுவதைத் தவிர வேறு வழியில்லை. அடிலெய்டில் டான் பிராட்மன் இந்த அணியைச் சந்தித்தார். பிராட்மனும் தியான் சந்தும் ஒருவரையொருவர் பார்த்த அந்தச் சந்திப்பைப் பற்றி நூறு கதை எழுதிவிட்டார்கள். தியான் சந்தின் கூட்டாளிகளில் ஒருவர் ஓராண்டு முன்புதான் ஜார்டின் அணிக்கு எதிராகப் பந்து வீசியவர் என்பதை அந்தக் கதைகளில் பெரிதாக யாரும் சொல்வதில்லை.

அந்தச் சுற்றுப்பயணத்திலிருந்து திரும்பிய கோபாலனுக்கு வயது 26. உலகத்தின் தலைசிறந்த ஹாக்கி அணியில் இடம். கிரிக்கெட்டில் ஒரு டெஸ்ட் ஆடிய அனுபவம். மெட்ராசில் பர்மா ஷெல் உத்தியோகம். 1936 பிறந்தது.

அந்த வருஷம் இரண்டு கப்பல்கள். ஒன்று கோடையில் இங்கிலாந்துக்குப் போகிற கிரிக்கெட் அணியின் கப்பல். இன்னொன்று பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போகிற ஹாக்கி அணியின் கப்பல். இரண்டிலும் கோபாலன் ஏறியிருக்கலாம். இரண்டிலும் ஏற முடியாது. கிரிக்கெட் கப்பலில் ஏறினார்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் உச்சுக் கொட்டுவார்கள். கோபாலனைப் பற்றி யார் எழுதினாலும் 'தவறான முடிவு' என்ற சொல் வந்துவிடும். என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் அணிக்குக் கேப்டன் விஜயநகரம் மகாராஜகுமார், விஸ்ஸி. ஆட்டத்தால் அல்ல, அந்தஸ்தாலும் பணத்தாலும் வந்த கேப்டன் பதவி. அணிக்குள் கோஷ்டிகள். பயணத்தின் பாதியிலேயே, ரன்னும் விக்கெட்டுமாகக் குவித்துக்கொண்டிருந்த லாலா அமர்நாத்தை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். கேப்டனுக்கு அந்தச் சுற்றுப்பயணத்தின்போதே 'சர்' பட்டம் கிடைத்தது. மூன்று டெஸ்டில் இரண்டு தோல்வி, ஒன்று டிரா. அந்த டிராவில்தான் மான்செஸ்டரில் விஜய் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்தார்கள். 40 வயது ராமசாமி முதன்முதலாக டெஸ்ட் ஆடி 40, 60 எடுத்தார். மூன்று டெஸ்டிலும் கோபாலனுக்கு இடமில்லை. கோடை முழுக்க இங்கிலாந்தில் கவுண்டி ஆட்டங்களுக்கு நடுவே ஓடிவிட்டது.

ஹாக்கி அணி பெர்லினில் என்ன செய்தது என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். தொடக்கத்தில் பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் தோற்று, பயந்து, ஊரிலிருந்து ஆட்டக்காரர் தாராவை அவசரமாக வரவழைத்தார்கள். பிறகு ஒலிம்பிக் ஆட்டங்களில் யாராலும் கிட்ட நெருங்க முடியவில்லை. இறுதிப்போட்டி நடக்கவேண்டிய நாளில் மழை. ஆட்டம் அடுத்த நாளைக்குத் தள்ளிப்போயிற்று. உடைமாற்றும் அறையில் மூவண்ணக் கொடிக்கு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஈரத்தரையில் பாதி ஆட்டம் வரை ஒரே ஒரு கோல். அப்புறம் தியான் சந்த் பூட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆடினார் என்பார்கள். ஜெர்மனி 1, இந்தியா 8. அந்த ஒலிம்பிக் முழுக்க இந்தியா வாங்கிய ஒரே கோல் அது.

நாள் 1936 ஆகஸ்ட் 15.

அதே ஆகஸ்ட் 15. லண்டன், ஓவல் மைதானம். இந்தியா–இங்கிலாந்து மூன்றாவது டெஸ்டின் முதல் நாள். இங்கிலாந்து ஆடிக்கொண்டிருந்தது. வாலி ஹாமண்ட் அந்த இன்னிங்ஸில் 217 அடித்தார். முகமது நிசாரும் அமர்சிங்கும் கை சலிக்கப் பந்து வீசினார்கள். அந்த டெஸ்டில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர் பாகா ஜிலானி. காலைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் சி.கே.நாயுடுவை அவமதித்ததற்குப் பரிசாகத்தான் அவருக்கு அந்த இடம் கிடைத்தது என்று கிரிக்கெட் உலகம் இன்று வரை பேசிக்கொள்கிறது. கோபாலன் அன்றும் பதினொருவரில் இல்லை.

பதினொரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டாம். ஒரே நாளில் பெர்லினில் கூட ஆடியவர்கள் தங்கம் வாங்குகிறார்கள். லண்டனில் இவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். கதையாக எழுதியிருந்தால் 'இவ்வளவு பொருத்தமாக நடக்குமா' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

சரி, முட்டாள்தனமான முடிவா? எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

1936ல் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இன்றைக்கு உட்கார்ந்து அல்ல. இந்திய ஹாக்கி அணி 1928ல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932ல் லாஸ் ஏஞ்சல்சிலும் தங்கம் வாங்கி வந்துவிட்டது. வாங்கி வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? தியான் சந்த் 1922ல் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர். பெரிய பதவிக்கு வர அவருக்குப் பல வருஷம் பிடித்தது. ஹாக்கி சம்மேளனம் ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் பணத்துக்காக ராஜாக்களிடமும் கனவான்களிடமும் போய் நிற்க வேண்டியிருந்தது. கிரிக்கெட் அப்படி அல்ல. அது ஆட்சியாளரின் ஆட்டம். கவர்னர் பார்ப்பார், மகாராஜா கேப்டனாக வருவார், கம்பெனி முதலாளி மாலையில் கிளப்பில் அதைப் பற்றித்தான் பேசுவார். கோபாலனுக்கு வேலை வாங்கிக் கொடுத்த ஜான்ஸ்டன் கிரிக்கெட்டுக்காரர். ஒரே டெஸ்டோடு கழித்துக் கட்டப்பட்ட ஒரு பந்துவீச்சாளருக்கு லார்ட்ஸ், மான்செஸ்டர், ஓவல் மூன்றும் எதிரே நிற்கின்றன. நாமாக இருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்போம்? விளைச்சல் தெரிந்த பிறகு விதைப்பைப் பற்றிப் பேசுவது சுலபம். மானாவாரிச் சம்சாரிக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. சித்திரையில் புழுதி உழுகிறபோது ஐப்பசி மழை எப்படி இருக்கும் என்று எவனுக்குத் தெரியும்?

ஹாக்கி அணியின் ரெகார்டைப் பார்க்கும்போதெல்லாம் கோபாலனின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. அந்த வேலைக்கு நான் போகவில்லை. அவர் விளையாட்டை விட்டு ஓடிவிடவில்லை என்பது மட்டும் தெளிவு. மெட்ராஸ் அணிக்குக் கேப்டனாக இருந்தார். முதல்தரக் கிரிக்கெட்டில் கால் நூற்றாண்டு நீடித்தார். பிற்பாடு தேசியத் தேர்வுக் குழுவிலும் இடம்பெற்றார். தனக்குக் கிடைக்காத இடத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கிற மேஜையில் போய் உட்கார்ந்தார்.

அவருடைய கால் நூற்றாண்டைக் கொண்டாட 1950களின் தொடக்கத்தில் மெட்ராசும் இலங்கையும் ஒரு போட்டியை ஏற்படுத்தின. பெயரே கோபாலன் கோப்பை. ஒருவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரில் கோப்பை, அதுவும் கடலுக்கு இரு பக்கமும்! கொழும்பில் ஒரு வருஷம், மெட்ராசில் ஒரு வருஷம் என்று போய்வந்துகொண்டிருந்தார்கள். 1981ல் இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்த பிறகு ஒரு நாட்டுக்கும் ஒரு மாநிலத்துக்கும் இடையே பந்தயம் என்பது பொருந்தாமல் போயிற்று. ஆனால் டெஸ்ட் நாடாவதற்கு முன்னால் மூன்று பத்தாண்டு அந்தத் தீவின் இளைஞர்களுக்கு வெளியூர் ஆட்டம் என்றால் அதில் கோபாலன் கோப்பைக்கும் பெரிய பங்கு இருந்தது. இதைத்தான் நான் அவருடைய உண்மையான டெஸ்ட் மேட்சாகக் கருதுகிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கடிதம் எழுதலாம்.

2003 அக்டோபர் கடைசியில் நியூசிலாந்தின் லிண்ட்சே வீர் இறந்தபோது, உயிரோடிருந்த டெஸ்ட் வீரர்களில் உலகத்திலேயே மூத்தவர் என்ற இடம் கோபாலனுக்கு வந்தது. இரண்டு மாதம்கூட அவர் அதில் இருக்கவில்லை. டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார். வயது 94.

கோபாலனுக்குப் பிறகு இரண்டு ஆட்டங்களும் போன பாதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1975ல் ஹாக்கி உலகக் கோப்பை வென்றோம். அந்த அணியில் மெட்ராசின் வி.ஜே.பிலிப்ஸ். அடுத்த வருஷமே மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை விரித்தார்கள். இந்தியாவுக்கு ஏழாம் இடம். 1980 மாஸ்கோவில் தமிழரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்தது. 1983ல் லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அதோடு தெருவில் மட்டையின் வடிவம் மாறிவிட்டது. மண்ணும் புல்லுமாக இருந்த ஆட்டம் கோடிக்கணக்கில் செலவாகிற விரிப்புக்கு மாறியபோது, இந்தியாவின் நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் ஹாக்கியைக் கைகழுவின. கோவில்பட்டி கழுவவில்லை.

ஏன்? அண்ணாச்சி கேட்ட கேள்வியின் மறுபாதி இதுதான்.

தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் பஞ்சாலையும் ஓடுகிற ஊர் இது. வீட்டில் பெண்கள் தீப்பெட்டி ஒட்டுவார்கள், ஆண்கள் மில்லுக்கோ காட்டுக்கோ போவார்கள். மழை பொய்த்தால் காடு கைவிரிக்கும். சீட்டுக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகச் சரியும். இந்த ஊர்ப் பையனுக்கு நிரந்தரச் சம்பளம் என்பது கனவு. ஹாக்கி மட்டை அதற்கு ஒரு குறுக்குப்பாதை. ரயில்வே எடுக்கும், வங்கி எடுக்கும், வருமான வரித்துறை எடுக்கும், போலீஸ் எடுக்கும், ராணுவம் எடுக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவன் உள்ளே போனால் தெருவில் பத்துப் பையன்கள் மட்டையைத் தூக்குவார்கள். கிரிக்கெட்டிலும் இப்படி உண்டு, ஆனால் அங்கே கூட்டம் கழுத்தை நெரிக்கும். முழு உடுப்பும் பேடும் வாங்கக் காசு வேண்டும். ஹாக்கிக்கு ஒரு மட்டை போதும். என் பள்ளி நாட்களில் அந்த ஒரு மட்டையும் இல்லாமல், வளைந்த உடைமரக் கிளையை வெட்டிச் சீவி ஆடியவர்களில் நானும் ஒருவன். முள் குத்திய உள்ளங்கையோடு வீட்டுக்குப் போய் வாங்கிய அடியும் நினைவிருக்கிறது.

பர்மா ஷெல்லின் வேலைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேனே, அது இங்கே வந்து முடிகிறது. திருவல்லிக்கேணியில் ஜான்ஸ்டன் ஒரு பையனுக்குச் செய்ததை, இங்கே அரசுத் துறைகள் பல பையன்களுக்குச் செய்கின்றன. ஆட்டம் வேறு, கணக்கு ஒன்று.

இந்த ஊருக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஹாக்கி விடுதி வந்தது. செயற்கைத் தரை வந்தது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாடு முழுவதிலுமிருந்து அணிகள் இங்கே வந்து ஆடுகின்றன. 2022 மே மாதத்தில் ஜூனியர் ஆண்கள் தேசியப் போட்டி இங்கே நடந்துகொண்டிருந்தபோது, ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை நடந்தது. அந்த இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரில் பிறந்து கோவில்பட்டி விடுதியில் வளர்ந்த கார்த்தி செல்வமும் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் கார்த்தி. ஜப்பானை வென்று வெண்கலத்தோடு திரும்பினார்கள். அன்றைக்குப் பஸ் நிலையத்து டீக்கடையில் ஐ.பி.எல். பேச்சு கொஞ்ச நேரம் அடங்கியிருந்தது. கொஞ்ச நேரம்தான்.

கோபாலன் கதையை அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் ஏறக்குறைய இதே வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓவல், பெர்லின், ஆகஸ்ட் 15 என்று நான் குரலை ஏற்றி இறக்கிச் சொன்னபோது அவர் பெரிதாக அசையவில்லை. பர்மா ஷெல் என்றபோது மட்டும் திரும்பிப் பார்த்தார். களத்தில் பெனால்டி கார்னர். நான்கு பேர் கோல்கம்பத்துக்குள் குனிந்து நின்றார்கள்.

அண்ணாச்சி என் தோளைத் தட்டி எதிர்ப் பக்கம் காட்டினார். சாமியானா நிழலில் வெள்ளைச் சட்டை போட்ட இருவர், மடியில் நோட்டுப் புத்தகம்.

"யாரு அண்ணாச்சி அது? ஆட்டக்காரங்களோட அப்பாமாரா?"

"அப்பன் வேலைக்குப் போயிருப்பான் தம்பி. இவுக ரயில்வேக்காரவுக மாதிரி இருக்கு. அந்தா, ஆறாம் நம்பர்ப் பயல எழுதுறாக பாருங்க."

பந்து உள்ளே போனதா இல்லையா என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

(தொடரும்)